போகும்போது அடிக்கிற ஆணி

அந்த வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் எதிலாவது இடறாமல் உள்ளே போனதில்லை. வாசலைத் தாண்டியதும் சட்டை மாட்டுகிற மரத்தாங்கி ஒன்று நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டு போனால் முகம் பார்க்கும் கண்ணாடி, அதுவும் தன் சொந்தக் காலில் நிற்கும். கடிகாரம் ஒரு முக்காலியின்மேல் இருக்கும். நாட்காட்டிக்குக்கூட ஒரு குட்டித் தாங்கி உண்டு. சுவர்கள் மட்டும் பிறந்த மேனிக்கு, ஒரு கீறல் இல்லாமல், வெள்ளையடித்த அன்று இருந்த மாதிரியே இருக்கும். இத்தனைக்கும் வீட்டுக்காரர் தச்சர். அந்தத் தெருவில் பாதிக் கதவுகள் அவர் கைபட்டவை. அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரு படம் மாட்ட ஓர் ஆணி கிடையாது என்பது அக்கம்பக்கத்துக்குப் பெரிய வேடிக்கை.

"ஆணி கிடைக்கலைன்னா சொல்லுங்க, தெருவே சேர்ந்து வாங்கித் தர்றோம்" என்பார் எதிர்வீட்டுக்காரர்.

"ஆணி மூட்டை மூட்டையா இருக்குங்க. வீட்ல உத்தரவுதான் இல்ல" என்று தச்சர் சிரிப்பார். பழியைத் தூக்கி மனைவி தலையில் போடுகிறார் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் சொல்வது அப்பட்டமான உண்மை.

அந்த மனைவியைத் தச்சர் கூப்பிடுவது ‘புதுசு’ என்று. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது காகிதங்களில் பத்திரமாக இருக்கிறது. புதுசு என்பது பள்ளிக்கூடங்கள் வைத்த பெயர். ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்தால் மறந்துபோயிருக்கும், போன பள்ளிக்கூடமெல்லாம் அதையே வைத்தால் என்ன செய்வது?

அவளுடைய அப்பா பெரிய மின்கோபுரங்களை நிறுத்துகிற மேஸ்திரி. வயல், மேடு, பொட்டல் என்று எதையும் பார்க்காமல் வரிசையாகக் கைகோத்து நிற்குமே, அந்தக் கோபுரங்கள். கம்பி எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் வேலை போகும். வேலை போகிற திசையில் குடும்பம் போகும். ஓர் ஊரைச் சுற்றியிருக்கிற கோபுரங்கள் நின்று முடிந்தால் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த ஊரில் வாடகைக்கு ஒரு வீடு, அடுத்த பள்ளிக்கூடத்தில் ஒரு கடைசி பெஞ்சு. "அந்தப் புதுப் பொண்ணைக் கூப்பிடு" என்பார் ஆசிரியர். பிள்ளைகள் அதைப் புதுசு என்று சுருக்கிக்கொள்ளும். உண்மைப் பெயர் பிள்ளைகள் வாயில் பழகுவதற்குள் லாரி வந்து வாசலில் நின்றுவிடும்.

படிப்பும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. பாதிப் பாடங்கள் அவளுக்கு இரண்டு மூன்று தடவை வந்தன. மீதிப் பாதி வரவே இல்லை. நதிகளைப் பற்றிப் போன ஊரிலெல்லாம் படித்தாள். வகுத்தல் கணக்கை எந்த ஊரிலும் முழுதாகப் படிக்கவில்லை. அவள் வரும்போது அது நடந்து முடிந்திருக்கும், அல்லது அவள் போன பிறகு ஆரம்பிக்கும். இன்றைக்கும் எதையாவது வகுக்க வேண்டுமென்றால் கணவரைத்தான் கூப்பிடுகிறாள். நதிகளைப் பற்றி யாரும் அவளிடம் கேட்பதில்லை, அதுதான் அவளுக்கு வருத்தம்.

இதையெல்லாம் சொன்னால் ஏதோ துயரக் கதை என்று தோன்றும். அவளைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டாள். ஒவ்வொரு புது வீட்டிலும் முதல் வேலையாக அம்மா என்ன செய்வாள் என்பதைத்தான் ஆசை ஆசையாகச் சொல்வாள். சாமான்களெல்லாம் இன்னும் லாரியில் இருக்கும். அம்மா மட்டும் உள்ளே போய்ச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். ஆணி தேடுகிறாள்.

வாடகைக்கு விடுகிறவர்கள் ஆணி விஷயத்தில் படு கறார். சாவியைக் கொடுக்கும்போதே, "சுவத்துல மட்டும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அம்மாவும் சொன்ன சொல் தவறாதவள். அதனால் முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போன ஆணிகள்தான் கதி. ஒன்று கையில் தட்டுப்பட்டால் போதும், "எந்த மகராசி அடிச்சு வெச்சாளோ, நல்லா இருக்கணும்" என்று அம்மா வாய்விட்டு வாழ்த்துவாள். பிறகுதான் பாத்திரம் பண்டம் உள்ளே வரும்.

ஒரு வீட்டின் சமையலறையில் ஆணி எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக இருந்தது. அடித்தவள் குள்ளமானவளாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிய அம்மா, அவளுக்குக் குட்டையக்கா என்று பெயர் வைத்துவிட்டாள். "குட்டையக்கா புண்ணியத்துல கரண்டி கைக்கு எட்டுது" என்று அந்த வீட்டில் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு வீட்டில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் யாரும் பார்க்காத மூலையில் ஓர் ஆணி. அதை அடித்தவர் கூச்சக்காரர். வேறொரு வீட்டில் ஜன்னலோரம் கொத்தாகக் குட்டி ஆணிகள். அங்கே இருந்தவர் தையல்காரர் என்றாள் அம்மா, கடிகாரம் பழுது பார்ப்பவர் என்றார் அப்பா; சாப்பாடு ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை. இப்படி ஊருக்கு ஊர் அவர்களுக்கு உறவுக்காரர்கள் இருந்தார்கள். முகத்தைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அடுத்து வருகிறவர்களுக்குத் தாங்களும் ஒன்றை விட்டுவிட்டுப் போவது என்ற பழக்கம் அவள் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்தது. கல்யாணமாகி அம்மாவும் அப்பாவும் முதலில் குடியேறியது அப்போதுதான் கட்டி முடித்த ஒரு வீடு. முன்னால் யாரும் இருந்ததில்லை, ஆகவே ஓர் ஆணியும் இல்லை. கரண்டியை மாட்ட இடமில்லாமல் அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டே சமைத்தாளாம். அப்பாவின் சட்டைக்குத் தரைதான். ஒருநாள் எறும்பு ஏறியது தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், கோபுரத்தின் பாதி உயரத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைக் கூட்டாளிகள் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த வீட்டைக் காலி செய்த அன்று, எல்லாம் லாரியில் ஏறிய பிறகு, "நமக்குப் பின்னாடி வர்றவளாவது கரண்டியை இடுப்புல செருகாம இருக்கட்டுமே" என்றாளாம் அம்மா. "கை வைக்க மாட்டோம்னு சொல்லியிருக்கோமே" என்று அப்பா தயங்கியிருக்கிறார். "இருக்கறவரைக்கும் வைக்கலையே. சொன்ன சொல்லைக் காப்பாத்தியாச்சு. இப்பதான் நாம இங்க இல்லையே" என்று அம்மா வாதாடியிருக்கிறாள். வக்கீல் படிப்புப் படித்திருந்தால் அம்மா எங்கேயோ போயிருப்பாள். அப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஒரே ஓர் ஆணி அடித்துவிட்டு வந்தார். நல்ல தடித்த ஆணி, மாட்டியது நழுவாதபடி கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து.

அதற்குப் பிறகு எந்த வீட்டைக் காலி செய்தாலும் இதே கதைதான். எல்லாச் சாமானும் ஏறிவிடும். அம்மா கடைசியாக ஒருமுறை பெருக்கிவிட்டு வெளியே வருவாள். அப்பா மட்டும் உள்ளே போவார். டக், டக், டக் என்று சத்தம் வரும். பிறகு கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டுக்காரர் ஆணியைப் பார்த்துத் திட்டும்போது லாரி ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும்.

பெரியவர்களுக்கு அது ஒரு நல்ல காரியம். குழந்தைக்கு அப்படியா? மற்ற பிள்ளைகளுக்குச் சுத்தியல் சத்தம் என்றால் யாரோ எதையோ மாட்டுகிறார்கள், அவ்வளவுதான். இவளுக்கு அது கிளம்புகிற சத்தம். டக், டக், டக் என்று கேட்டால் வீடு முடிந்தது. ஜன்னல் முடிந்தது, தெரு முடிந்தது, பக்கத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளை முடிந்தது.

ஒரே ஒரு வீட்டை மட்டும் அவளால் விட முடியவில்லை. ரொட்டிக்கடைக்காரர் வீட்டோடு ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீடு. காலையில் அந்தச் சுவரைத் தொட்டால் அடுப்புச் சூடு தெரியும். ரொட்டிக்கடைக்காரர் மகள் இவள் வயதுக்காரி. அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டினால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பெண்தான் முதல் நாளே, "புதுசுன்னா? உன் பேர் என்ன?" என்று கேட்டு, கேட்ட பெயரை மறக்காமல் வைத்துக்கொண்டவள். சொந்தப் பெயரைச் சொல்லி ஒருத்தி கூப்பிட்டால் எப்படியிருக்கும் என்று இவள் தெரிந்துகொண்டது அந்த ஊரில்தான்.

லாரி வந்த அன்று இவளுக்கு ஒரு யோசனை உதித்தது. ஆணி அடித்தால்தான் கிளம்புவார்கள். சுத்தியல் இருந்தால்தான் ஆணி அடிக்க முடியும். ஆகவே சுத்தியல் இல்லாவிட்டால் பயணம் இல்லை. அந்த வயதுக்கு அந்தக் கணக்கில் ஓட்டையே தெரியவில்லை. வகுத்தல் இல்லாத கணக்குத்தானே. அப்பாவின் பையிலிருந்து சுத்தியலை உருவி, பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு போய், ரொட்டிக்கடைக்காரர் வீட்டுப் பின்பக்கத்து விறகுக் குவியலுக்குள் திணித்துவிட்டு வந்தாள்.

அப்பா பையைக் கொட்டித் தேடினார். லாரியின் அடியில் தேடினார். பின்பக்கம் போய்த் தேடிவிட்டு வந்தார். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அப்பா ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தார். வாசலில் கிடந்த ஒரு கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தச் சத்தம் மற்ற வீடுகளில் கேட்டதைவிடப் பெரிதாகக் கேட்டது. லாரியில் அழுது அழுது களைத்தவளை மடியில் போட்டுக்கொண்டு, "அடுத்த ஊர்ல ஒரு சுத்தியல் வாங்கணும்" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். அதன்பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தச்சர் அவள் வாழ்க்கைக்குள் வந்ததும் ஒரு கோபுர வேலையால்தான். சாமான் கிடங்குக்கு மரக்கதவு போட வந்த இளைஞரை அப்பாவுக்குப் பிடித்துப்போனது. பெண் கொடுப்பதற்கு முன்னால் அப்பா விசாரித்தது ஒன்றே ஒன்று. "தம்பி, நீங்க ஊர் மாத்திப் போற ஆளா?" "எங்க போறது? பட்டறை எங்கப்பா போட்டது. பின்னாடியே வீடு" என்றார் தச்சர். "அது போதும்" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்துவிட்டார். தன்னால் கொடுக்க முடியாததை வேறொருவர் கையால் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் மனுஷர்.

கல்யாணமான புதிதில் தச்சர் கல்யாணப் படத்தை மாட்ட ஆசை ஆசையாகச் சுத்தியலும் ஆணியுமாக வந்தார். இரண்டாவது தட்டிலேயே உள்ளே ஏதோ சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், புது மனைவி கொடியில் கிடந்த ஈரத் துணியையெல்லாம் உருவி மடித்துக்கொண்டிருக்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. எதற்கு மடிக்கிறாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்குத்தான் முழுக் கதையும் அவர் காதுக்கு வந்தது. வேறொரு ஆளாக இருந்தால் சிரித்திருப்பார், இல்லை அதட்டியிருப்பார். இவர் ஆணியைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையைப் பூசிவிட்டு, படத்துக்கு ஒரு தாங்கி செய்தார். பிறகு கடிகாரத்துக்கு. பிறகு கண்ணாடிக்கு. பட்டறையில்கூட அவள் வீட்டில் இருக்கிற நேரம் திருகாணியும் பசையும் வைத்தே சமாளித்துக்கொள்வார். இதற்காக அவள் மனதுக்குள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்ட நாட்கள் எத்தனையோ. நேரில் மட்டும், "நடக்க இடமில்லாம எத்தனை தாங்கி செய்வீங்க" என்று சலித்துக்கொள்வாள். மனைவி என்றால் அதையும் செய்ய வேண்டுமே.

வாழ்க்கைக்கு ஒரு குறையுமில்லை. மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிறாள். கடைத்தெருவில் துணிகளைப் பிடித்தும் விட்டும் தைத்துக் கொடுக்கிற கடையொன்றில் புதுசுக்கு வேலை. நீளத்தைக் குறைத்தாலும் துணியை வெட்டமாட்டாள். உள்ளே மடித்து, நாளைக்குப் பிரித்தாலும் தடம் தெரியாதபடி தைப்பாள். வாடிக்கையாளர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆனாலும் யாராவது "உங்க வீடு எங்கம்மா?" என்று கேட்டால், "தச்சுப் பட்டறைக்குப் பின்னாடி இருக்கோம்" என்பாள். வாடகைக்கு இருக்கிறவர்கள் சொல்கிற மாதிரிதான் வாயில் வரும். ‘எங்க வீடு’ என்று வராது.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா தனியாகவே கிடந்தார். கோபுரம் ஏற முடியாத வயதில் நிறுவனம் அவருக்குச் சாமான் கிடங்கைக் காவல் காக்கிற வேலை கொடுத்திருந்தது. தகரக் கொட்டகையில் படுக்கை. எப்போதாவது ஒரு பையோடு மகளைப் பார்க்க வருவார். "ரெண்டு நாள் இருந்துட்டுக் கிளம்பறேன்" என்பார். சொன்ன மாதிரியே கிளம்பிவிடுவார். என்ன கெஞ்சினாலும் நடக்காது.

இந்தத் தடவை அந்தக் காவல் வேலையும் முடிந்துபோயிருந்தது. ஏறி ஏறித் தேய்ந்த வலது தோள் கையைக் காது உயரத்துக்குமேல் தூக்கமாட்டேன் என்றது. வந்தவுடன் அதே வசனம்: "ரெண்டு நாள் இருந்துட்டுக் கிளம்பறேன்."

"எங்கப்பா கிளம்புவீங்க? வேலைதான் முடிஞ்சுதே" என்றாள் புதுசு.

"கிடங்குக்குப் பக்கத்துல ஒரு அறை பார்த்து வெச்சிருக்கேன். ஒரு ஆளுக்கு அது தாராளம்."

அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் வாழ்நாளெல்லாம் கிளம்பியே பழகிய மனிதரிடம் இருங்கள் என்று எப்படிச் சொல்வது? அந்த வார்த்தை அந்தக் குடும்பத்தில் யாருக்குமே பழக்கமில்லை. அன்றைக்கு அவள் சமையலில் உப்புப் போட மறந்தாள். அப்பா நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

அவருக்கென்று ஒதுக்கிய அறையில் பையை நாற்காலிமேல் வைத்தார். திறந்து அடுக்கவில்லை. சட்டையை எடுத்தால் மடித்து மறுபடியும் உள்ளேயே வைப்பார். "கூடத்துத் தாங்கியில மாட்டுங்க மாமா" என்று தச்சர் சொன்னதற்கு, "அது உங்க சட்டைக்கு மாப்பிள்ளை" என்றுவிட்டார். உண்மையில் அந்தத் தாங்கியின் கொம்பு அவர் கைக்கு எட்டாது. அதை வெளியே சொல்லமாட்டார்.

ஒன்றை மட்டும் தச்சர் கவனித்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மாமனார் அறைச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். வழவழவென்று சுவர்தான் இருந்தது. கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் பைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

தச்சருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் மனைவி கடைக்குப் போன பிறகு, மாமனார் கூடத்தில் பள்ளி விடுமுறையில் இருந்த பேத்தியோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அந்த அறைக்குள் போய் நல்ல தடித்த ஆணியாக ஒன்றை அடித்துவிட்டு வந்தார். பெரியவர் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தார்.

கடையில் ஒரு பாவாடையின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்த புதுசின் முன்னால் மகள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அம்மா, தாத்தா கிளம்பறாரு. செருப்பெல்லாம் போட்டாச்சு. உன்கிட்ட சொல்லிட்டுப் போகணும்னு வாசப்படியில உட்கார்ந்திருக்காரு."

"நாளைக்குத்தானே போறேன்னாரு? அப்பா ஏதாவது சொன்னாரா?"

"அப்பா ஒண்ணுமே சொல்லல. தாத்தா ரூம்ல ஒரு ஆணிதான் அடிச்சாரு."

புதுசு ஊசியைப் பாவாடையில் அப்படியே குத்திவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு எழுந்து நடந்தாள். நடை தெருமுனைக்குள் ஓட்டமாகிவிட்டது.

வாசப்படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். வெளியூர் போகும்போது மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை, மடியில் பை. பக்கத்தில் தச்சர் சுத்தியலைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றார்.

"வா கண்ணு. உன்னைப் பார்த்துட்டுப் போலாம்னுதான் இருந்தேன்" என்றார் அப்பா. "மாப்பிள்ளை மேல தப்பில்ல. அவரு நல்லவிதமாத்தான் சொன்னாரு."

"நான் எதுவுமே சொல்லலையே மாமா" என்றார் தச்சர்.

"வாயால சொல்லணுமா என்ன? அதான் ஆணி அடிச்சாச்சே."

தச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவியைப் பார்த்து, "உனக்குத்தான் அந்தச் சத்தம் ஆகாதுன்னு தெரியும். அடிச்சவருக்கே ஆகாதுன்னு நான் கண்டேனா?" என்றார் பரிதாபமாக.

புதுசுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே படியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"அப்பா, அது போறதுக்கு அடிச்ச ஆணி இல்லப்பா. உங்க சட்டைக்கு அடிச்சது."

"சட்டைக்கா?" என்றார் அப்பா. "இருக்கறவங்களுக்கு யாரும்மா ஆணி அடிப்பா?"

"இருக்கறவங்கதான் அடிச்சுக்குவாங்க. ஊர் உலகமெல்லாம் அப்படித்தான். நாமதான் தலைகீழாப் பழகிட்டோம். எத்தனை வீட்ல அடிச்சிருப்பீங்க. எத்தனை பேர் சட்டை இப்ப அதுல தொங்குதோ. ஒரு ஆணியிலயாவது உங்க சட்டை தொங்கியிருக்காப்பா?"

"அடிச்ச கையோட கிளம்பிடுவோமே. அப்புறம் எங்கிருந்து தொங்கும்?" என்றார் அவர். சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அது அவருக்கே விளங்கியது போலிருந்தது. பையின் வாரை நீவிக்கொண்டே இருந்தார்.

புதுசு எழுந்து கணவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கினாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

"இதையும் விறகுக்குள்ள ஒளிக்கப்போறியா?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"பின்பக்கம் தேடப் போனேன்ல, அப்பவே பார்த்தேன். கைப்பிடி வெளியில நீட்டிக்கிட்டிருந்தது. ஒளிக்கவும் தெரியல உனக்கு."

"அப்புறம் ஏம்ப்பா எடுக்கல?"

"நீ அவ்வளவு ஆசைப்பட்டு வெச்சதை எப்படிம்மா எடுக்கறது? உன்னைத்தான் அந்த ஊர்ல விட முடியல. சுத்தியலாவது அங்க இருக்கட்டும்னு விட்டுட்டேன். கல்லால அடிச்சேன்."

அழுகிறவளை என்ன செய்வது என்று தச்சருக்குத் தெரியவில்லை. மகள் போய் அம்மாவின் கழுத்திலிருந்த அளவு நாடாவால் அவள் கண்ணைத் துடைக்கப் பார்த்தாள். இத்தனை வருஷமாக எதையெல்லாமோ இழந்துவிட்டு வந்ததாகத் தான் எண்ணிக்கொண்டிருந்தபோது, இந்த மனுஷர் தன்னுடைய ஒரு சுத்தியலைத் தனக்காக ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று புதுசு நினைத்தாள். வீடே இல்லாமல் வளர்ந்தவள் இல்லை அவள். போன இடமெல்லாம் யாரோ ஒருவர் ஓர் ஆணி விட்டு வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கூடவே வந்துகொண்டிருந்தார்.

"ஒளிக்கப்போறதில்லப்பா" என்று சுத்தியலை அவரிடம் நீட்டினாள். "உங்க கையிலயே தர்றேன். இது நம்ம வீடுப்பா. நீங்க இங்கதான் இருக்கணும். எனக்கு நீங்க வேணும்."

சொல்லிவிட்டாள். அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் சொல்லாததை, படியில் நின்றுகொண்டு, எதிர்வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்கப் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

அப்பா சுத்தியலைக் கையில் வைத்து எடை பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். மருமகன் அடித்த ஆணியை எட்டிப் பிடிக்கப் பார்த்தார், கை போகவில்லை.

"மாப்பிள்ளை தன் உயரத்துக்கு அடிச்சிருக்காரு."

"பிடுங்கிட்டுத் தாழ்வா அடிச்சுடறேன் மாமா."

"இருக்கட்டும், யாருக்காவது ஆகும். எனக்கு வேற ஒண்ணு குடுங்க."

தச்சர் ஆணியைக் கொடுத்தார். அப்பா தன் நெஞ்சு உயரத்தில் ஓர் இடத்தைத் தட்டிப் பார்த்து, ஆணியை வைத்து, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துக்கொண்டார்.

டக், டக், டக்.

பழக்க தோஷம், புதுசு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் நின்றது. லாரி எதுவும் ஹாரன் அடிக்கவில்லை. அப்பா ஆணியை இழுத்துப் பார்த்துவிட்டு, போட்டிருந்த வெளியூர்ச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதை ஆணியில் மாட்டினார். ஓர் அடி பின்னால் தள்ளி நின்று, தான் அடித்த ஆணியில் தன் சட்டை தொங்குவதைப் பார்த்தார்.

பிறகு பனியனோடு திரும்பி மகளிடம், "சமையல்கட்டுல கரண்டியை எங்க மாட்டற?" என்று கேட்டார்.

"டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்ப்பா."

"வா, எந்த உயரத்துக்கு வேணும்னு காட்டு."

அவள் அவரைச் சமையலறைக்கு அழைத்துப் போய், அடுப்புக்குப் பக்கத்தில், தன் கை சிரமமில்லாமல் எட்டுகிற இடத்தைச் சுவரில் தொட்டுக் காட்டினாள்.